இரண்டரை ரூபாய் நோட்டுக்கு ஒரு காதுகுத்து

ஒரு பவுன் விலையைக் கொடுத்து இரண்டரை ரூபாய் வாங்க நினைத்தவள் மதுரை ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த நோட்டு புதுமண்டபத்துக்குப் பக்கத்தில் சிக்கந்தர் பாயின் பழைய நோட்டுக் கடையில் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவின் தலை, இங்கிலீஷில் இரண்டு ரூபாய் எட்டு அணா. 1918-ல் வெளியிட்டு, சில வருஷத்திலேயே நிறுத்திவிட்டார்களாம். நான் பார்த்தது எண்பத்து மூன்றில். விலை ஆயிரத்து ஐந்நூறு. எனக்கு அவனியாபுரத்தில் இட்லிக் கடை. ஒரு இட்லி இருபது காசு. மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஆசை ஏமாந்ததில் வந்தது. ஒருத்தன் வயிறு முட்டத் தின்றுவிட்டு, கூட்ட நேரத்தில் ராஜா தலை போட்ட செல்லாத ரூபாயைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி திட்டித் தீர்த்தேன். அப்புறம் ஆற அமர எடுத்துப் பார்த்தால் நோட்டு அழகாக இருந்தது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். முழு நோட்டு முப்பது ரூபாய் என்றால், அதிலேயே கிழிந்ததை, கறை பட்டதை பாய் மூன்று ரூபாய்க்குக் கொடுத்துவிடுவார். அப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இரண்டரை ரூபாயில் மட்டும் கிழிசல்கூடக் கிடைக்கவில்லை.

"ஆவணி முடியுற வரைக்கும் யாருக்கும் கொடுக்க மாட்டேம்மா," என்றார் பாய். "அதுக்கு மேல தாங்காது. மெட்ராஸ்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

என் வீட்டுக்காரர் நல்லகாமனுக்குக் கப்பலூரில் ஒரு போல்ட்டுக் கம்பெனியில் வேலை. பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. இரண்டையும் அவருக்கும் சேர்த்து நானே பார்த்துக்கொள்வேன். அன்றைக்கு என் புலம்பலைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டவர், "நாம வச்ச மொய்யெல்லாம் திரும்பி வந்தாலே வாங்கிப்புடலாம்," என்றார்.

சும்மாதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் மொய் என்பது அன்பளிப்பு இல்லை. ஒருவர் வீட்டு விசேஷத்தில் நாம் வைத்ததை, நம் வீட்டு விசேஷத்தில் அவர் கொஞ்சம் கூட்டித் திருப்பி வைக்க வேண்டும். பிள்ளை உள்ளவர்களுக்குக் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று திரும்பி வந்துகொண்டே இருக்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷமாக ஊர் ஊராகப் போய் வைத்துக்கொண்டே இருந்தோம். ஒரு விசேஷத்தில் எங்கள் மொய்யை மைக்கில் வாசித்தபோது, பக்கத்தில் இருந்த ஒருத்தி, "இவளுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியதில்ல, புண்ணியக் கணக்குத்தான்," என்று சிரித்தாள். நோட்டின் மேல் இருந்த ஆசை எவ்வளவோ, அந்தச் சிரிப்பின் மேல் இருந்த ஆத்திரமும் அவ்வளவு.

அந்த ஆத்திரத்தோடு அவரைப் பார்த்தபோதுதான் அவர் காது கண்ணில் பட்டது. குத்தாத காது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அம்மாவுக்கும் தாய்மாமன் பேயாண்டிக்கும் கிணற்றுப் பங்கில் சண்டை. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? சண்டை தீர்ந்தபோது பிள்ளைக்கு மீசை முளைத்திருந்தது. குலசாமிக்கு நேர்ந்துகொண்டது அப்படியே நின்றுபோனது.

"உங்களுக்குக் காது குத்துவோம்," என்றேன்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். புள்ள இல்லாட்டி என்ன, காது இருக்குல்ல?"

நாற்பத்திரண்டு வயது மனுஷர் சாப்பிட்ட கையோடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

மறுநாளே உசிலம்பட்டிப் பக்கம் பஸ் ஏறிப் பேயாண்டியைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய மனுஷர். சிரிப்பார் என்று நினைத்தேன், அழுதுவிட்டார். "எங்கக்கா உசுரோட இருக்கையில செய்யாமப் போனேனே. கடுக்கனோட வாரேன், ஆத்தா."

பத்திரிகை அடிக்கப் போன இடத்தில், காதணி விழாப் பிள்ளைக்குச் செல்வன் என்று போடவா, திரு என்று போடவா என்று கேட்டார்கள். திரு என்றே போடச் சொன்னேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனபோது எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. "எங்க வீட்ல ஒரு விசேஷம்" என்று அரைக்குரலில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் செருப்பை மாட்டிவிடுவேன்.

ஆனால் ஊரே வந்தது. நாற்பத்திரண்டு வயதுக்காரருக்குக் காது குத்துவதைப் பார்க்காமல் விடுவார்களா? குலசாமி கோயிலில் கிடா வெட்டி, மைக் செட்டு கட்டி, மாமன் மடியில் மருமகனை உட்கார வைத்தோம். முழுக் கனத்தையும் போட்டால் மாமன் தொடை என்ன ஆவது என்று, குதிகாலை ஊன்றி உட்கார்ந்த மாதிரி பாவனைதான் செய்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும், "யாத்தே!" என்று அவர் போட்ட சத்தம் மைக் இல்லாமலே கேட்டது. அழுகிற பிள்ளைக்குக் கொடுக்க வைத்திருந்த வாழைப்பழத்தை யாரோ அவர் வாயில் திணித்தார்கள்.

சாப்பாடு முடிந்து மொய் ஆரம்பித்தது. என் கொழுந்தன் சின்னான்தான் எழுதி வாசித்தான். என் காது முழுக்க அங்கேதான். "கருமாத்தூர் காளை, இருவத்தஞ்சு!" அடுத்து, "மேலூர் அழகுமலை, பழைய நோட்டு ஒண்ணு!" அதற்கடுத்தும் பழைய நோட்டு ஒன்று. அப்புறம், "பழைய நோட்டு மூணு, அதுல ஒண்ணு கிழிசல்!"

எனக்குத் தலை சுற்றியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பழைய நோட்டு வாங்கத்தான் இந்தக் காதுகுத்து என்று நான் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தேன். அது ஊர் ஊராகப் போய், 'இட்லிக்கடைக் கிளிக்குப் பழைய நோட்டுத்தான் வேணுமாம், புதுசு ஆகாதாம்' என்று ஆகிவிட்டது. பெட்டியின் அடியில் கிடந்ததையெல்லாம் தேடி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ராஜா தலை ரூபாய்கள், சிலோன் நோட்டு, யுத்தகாலத்தில் மலேயாவில் ஜப்பான்காரன் போட்ட வாழைமர நோட்டு. ஒரு புண்ணியவான் பழைய லாட்டரிச் சீட்டையே வைத்துவிட்டுக் கிடாக்கறி தின்றுவிட்டுப் போயிருந்தார்.

பந்திச் செலவு போக, கையில் இருந்ததையும் சேர்த்து ஆயிரத்து நூறுதான் தேறியது. தாம்பாளத்தைத் தள்ளிவிட்டு, "செல்லாத காசை எந் தலையில கட்டிட்டாங்க!" என்று கத்தினேன்.

என் மதினி ஒச்சாயி, வீட்டுக்காரருடைய அக்கா, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குவியலைக் கிளறி ஒரு பத்து ரூபாய் நோட்டைத் தனியாக எடுத்தார். பர்மாவில் மட்டும் செல்லும் என்று மேலே சிவப்பில் முத்திரை அடித்திருந்தது.

"இது நான் வச்சதுடி. உங்கண்ணன் பர்மாவுல இருந்து நடந்தே வந்தப்ப இடுப்புல முடிஞ்சிருந்தது. செல்லாதுன்னு எனக்குத் தெரியாதா? எம் மகனுக்கு இது வெறுங்காயிதம், அடுப்பெரிச்சாலும் எரிச்சுப்புடுவான். நீ வச்சிருந்தா இருக்கும்."

என் கத்தல் அடங்கிவிட்டது. எனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றுதான் ஊர் கேட்கும். இந்த மனுஷியோ தன் புருஷன் ஞாபகத்தைத் தன் மகனிடம் விடாமல் என்னிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மதினி கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆவணி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். ஆயிரத்து நூறையும் குவியலையும் முன்னால் வைத்தேன். பாய் புரட்டிப் பார்த்தார். முக்கால்வாசிக்குப் பெரிய விலை இல்லை என்றார். பர்மா நோட்டு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இத மட்டும் கொடுங்கம்மா. மிச்சப் பணமே வேணாம், ரெண்டரையை எடுத்துக்கங்க."

கை நீட்டினால் போதும். ஆறு மாதமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த நோட்டு. என் கையும் பர்மா நோட்டின் மேல்தான் இருந்தது. ஆனால் அது நகரவில்லை.

"இது மொய் பாய். வச்சிருக்கக் கொடுத்தது," என்றேன். "மெட்ராஸ்காரருக்கே கொடுத்துருங்க."

எழுந்து படி இறங்கிவிட்டேன். வீட்டுக்காரர் என் பின்னால் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், கடை வாசலில் நின்றுகொண்டு முகத்தைச் சுளித்தபடி காதிலிருந்து கடுக்கனைக் கழற்றிக்கொண்டிருந்தார். புண் ஆறாத காது. ரத்தம் பொட்டாக வந்தது.

"என்ன பண்றீக!"

"அடகு வச்சா நானூறு தேறும். மூணு மாசத்துல மீட்டுரலாம்."

"மாமன் கேட்டா?"

"நீ பேசு. பேச்சு உன் டிபார்ட்மெண்டு."

தெற்காவணி மூல வீதியில் கடுக்கனை வைத்தோம். சொல்லி வைத்த மாதிரி நானூறு கொடுத்தார்கள். ஓட்டை மூடிவிடக் கூடாது என்று, வழியில் ஒரு வேப்பமரத்தில் ஈர்க்கு ஒடித்து நானே அவர் காதில் சொருகிவிட்டேன். பாய் ஆயிரத்து ஐந்நூறை வாங்கிக்கொண்டு, நோட்டைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது, "நல்ல வேளை, மெட்ராஸ்காரர் வாரதுக்குள்ள நீங்களே வந்தீங்க," என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். சீட்டுக் கிழிக்க வந்த கண்டக்டர் பையன் அவர் காதைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, சின்னப்புள்ள கணக்கா காதுல குச்சி?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "எங்க வீட்ல காதுகுத்து!" என்றேன், டிரைவர் வரைக்கும் கேட்கிற மாதிரி. "கிடா வெட்டி, மைக் செட்டு போட்டு, ஊரே வந்து மொய் வச்சுட்டுப் போச்சு. ஒனக்கென்னய்யா?"

பையன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நல்ல விசேஷம்க்கா," என்றான்.

எங்கள் வீட்டு விசேஷத்தை ஒரு அந்நியன் நல்ல விசேஷம் என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மடியில் இருந்த நோட்டு நனைந்துவிடப் போகிறதே என்று, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.