மூன்றாவது வாளி

"இன்னைக்கு என்ன கலர்மா விடப்போறீங்க?"

பள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம் செடி விற்பவர் ஒருநாள் இப்படிக் கேட்டபோது, மனுஷர் விளையாட்டாகப் பேசுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். சிரித்துவிட்டு, கையிலிருந்த கடைசி டம்ளரையும் தொட்டியில் கவிழ்த்தாள். ஓவிய வகுப்பில் தினமும் அறுபது டம்ளர் கழுவுவது அவள் வேலை. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள். விட்ட பள்ளிக்கூடத்துக்கே எடுபிடியாகத் திரும்பி வந்த கூச்சம் பாதி, பிறவிக் கூச்சம் மீதி. நடந்தால் சத்தம் கேட்காது என்பதால் பிள்ளைகள் அவளைப் பூனையக்கா என்றார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அவர் விளையாடவில்லை என்பது 'நீரைக் காப்போம்' ஓவியப் போட்டி நடந்த வாரத்தில் தெரிந்தது. நூற்றிருபது பிள்ளைகள் ஆளுக்கொரு ஆறு வரைந்தார்கள். ஆறு என்றால் நீலம்தானே. ஐந்து நாளும் தொட்டியில் நீலம் கொட்டியது. கொட்டியது வாய்க்காலில் இறங்கி, மதிலடி ஓட்டை வழியாக அவருடைய நாற்றுத் தட்டுகளுக்குள் போய் நின்றது. திங்கட்கிழமை அவர் சுருண்டுபோன நாற்றுகளைத் தட்டோடு தூக்கிவந்து, தலைமையாசிரியையின் மேசையில், முதல் பரிசு வாங்கிய ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் உங்க பிள்ளைங்க கைவேலைதான். எது நல்லா இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

தலைமையாசிரியை குரலை உயர்த்துகிறவர் இல்லை. ஓவிய டீச்சரைக் கூப்பிட்டு, "மாசக் கடைசியோட ஓவிய வகுப்பு போதும். அந்த ரூம்ல கம்ப்யூட்டர் போட்டுக்கலாம். கம்ப்யூட்டர் வாய்க்கால்ல ஓடாது," என்றார்.

டீச்சர் திரும்பி வந்து, பிள்ளைகள் உட்காரும் குட்டை முக்காலியில் உட்கார்ந்தாள். "காப்போம் காப்போம்னு வரைய வெச்சு நாமளே கொன்னிருக்கோம் பாரு. எனக்கு வேற எடம் கிடைக்கும்டி. இதுங்களுக்கு வாரம் பூரா இந்த ஒரு மணி நேரம்தான் மூச்சு விடுற நேரம்."

பூனையக்காவுக்கும் மூச்சு விடக் கிடைத்த ஒரே அறை அதுதான் என்பதை அவள் சொல்லவில்லை. வேறொன்றும் சொல்லவேண்டியிருந்தது, அதுவும் இரண்டு நாள் நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பியது. முழுப்பரீட்சை விடுமுறையில் அலமாரிக்குப் பின்னால் ஒரு டம்ளர் கழுவாமல் விட்டுப்போயிருந்தது. திட்டு விழுமோ என்று பயந்து எடுத்துப் பார்த்தால், மேலே தெளிந்த தண்ணீர், அடியில் விரற்கடை உயரத்துக்குச் சேறு. தன் தப்பைத் தானே சொல்ல வேண்டும். புதன்கிழமை மாலை, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"கொட்டாம வெச்சா தெளிஞ்சிடுது டீச்சர்."

"எது?"

"அந்தத் தண்ணி. நான் கண்ணால பாத்தேன்."

டீச்சர் எழுந்தே விட்டாள்.

மறுநாள் குழாயை யாரும் திறக்காதபடி அதன் கழுத்தில் துணி சுற்றிக் கட்டினார்கள். தரையில் மூன்று வாளிகள். தூரிகையை முதலில் பழைய செய்தித்தாளில் துடைக்க வேண்டும். பிறகு முதல் வாளி, இரண்டாவது, மூன்றாவது. முதல் வாளி கலங்கிப்போனால் மூலைக்குப் போய் நான்கு நாள் அசையாமல் நிற்கும். தெளிந்ததை இறுத்து மறுபடி கழுவ வைத்துக்கொள்ளலாம். அடிச்சேற்றைத் துணியில் வடிகட்டிப் பசையோடு குழைத்தால் ஒரு வண்ணம். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் அடித்துக்கொண்டு கடைசியில் சமாதானமாகிப்போன வண்ணம். அதற்குப் பெயர் வைக்கச் சொன்னதும் வகுப்பே இரண்டுபட்டது. ஒரு கட்சி 'கணக்கு சார் சட்டை' என்றது. எதிர்க்கட்சி 'மழைக்கு முந்தின வானம்'. வாரத்துக்கு வாரம் நிறம் மாறியதால் இரண்டு கட்சியும் மாறி மாறி ஜெயித்தன.

அந்த வண்ணத்தால் ஆறு வரைய முடியவில்லை. டீச்சர் பிள்ளைகளை மதிலோரம் கூட்டிப்போய் வாய்க்காலையே வரையச் சொன்னாள். செடி விற்பவர் எட்டிப் பார்த்தார்.

"இப்ப என்ன கலர்?"

"வெறும் தண்ணி மாமா."

"பாப்போம். நாத்து சொல்லட்டும்," என்று போய்விட்டார்.

மாதத்தின் கடைசி நாள் தலைமையாசிரியை வந்தார். பின்னாலேயே அறையை அளக்க ஒருவர், கையில் நாடாவோடு. சுவர் முழுக்க ஒரே நிறத்தில் அறுபது வாய்க்கால்கள். செருப்பு மிதக்கிற ஒன்று, நாய் தண்ணீர் குடிக்கிற ஒன்று, சுருண்ட நாற்று மட்டும் உள்ள ஒன்று. அந்தக் கடைசிப் படத்தின் முன்னால் அவர் வெகுநேரம் நின்றார். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, ஒரு தூரிகையைச் சேற்றில் தொட்டு, துண்டுத் தாளில் ஒரு கோடு இழுத்தார். இன்னொரு கோடு. நாடாக்காரர் ஜன்னலோரம் அளக்கத் தொடங்கியிருந்தார். தலைமையாசிரியை எழுந்து, தூரிகையோடு குழாய்க்குப் போய்த் துணிக்கட்டின்மேல் கை வைத்தார்.

டீச்சரும் பிள்ளைகளும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"மேடம்." சத்தம் தன்னுடையதுதான் என்று பூனையக்காவுக்கே தெரிய ஒரு நொடி ஆயிற்று. "மொதல்ல பேப்பர்ல தொடைக்கணும். அப்புறம் வாளி. குழாய் கிடையாது."

தலைமையாசிரியை திரும்பினார். எடுபிடியை அவர் நேருக்கு நேர் பார்த்தது அதுவே முதல் தடவை. அவளும் கண்ணைத் தாழ்த்தவில்லை, தாழ்த்த மறந்துபோயிருந்தது. அவர் செய்தித்தாளை எடுத்தார். துடைத்தார். முதல் வாளி. இரண்டாவது. மூன்றாவதில் தூரிகையை முக்கியபோது மெல்லிய சாம்பல் இழையொன்று நெளிந்து இறங்கிக் கரைந்தது. அது கரைகிறவரை குனிந்தே இருந்தார். தூரிகையை முனை மேலே பார்க்க டம்ளரில் நிறுத்தினார். நாடாக்காரரின் தோளை ஒருதரம் தட்டி, வாசலைக் காட்டினார். அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போக, ஈரம் சொட்டும் விரல்களோடு தலைமையாசிரியையும் வெளியே போனார்.