நஞ்சுண்டசாமி சாரின் கணக்கு

மலையேறும் கார்ப் பந்தயத்துக்கு இன்னும் எட்டு நாளும் பதினாறு மணி நேரமும் இருந்தன. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, கையில் காப்பித் தம்ளர்களோடு ஷெட் வாசலில் நின்றபடி செலின் மனதுக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டாள். அடுத்த வாரத்து ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் அண்ணன் லூர்துராஜ் சாமுண்டி மலையடிவாரத்தில் கொடி விழுவதற்காகக் காத்திருப்பான்.

போன வருடமும் காத்திருந்தான். மூன்றாம் வளைவில் வண்டியின் பின்பக்கம் தன் போக்குக்குத் திரும்பிக்கொண்டது. கைப்பிடிச் சுவரில் மோதி அவனுடைய காறை எலும்பு முறிந்தது. அப்பா சகாயநாதன் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, அதிகம் பேசாதவர். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று ஒன்றே ஒன்று சொன்னார். "இன்னொரு தடவை அந்தச் சுவத்தைத் தொட்டேன்னா வண்டி பழைய இரும்புக்குப் போயிடும். நீ எங்க போவியோ, அது ஆண்டவருக்குத்தான் தெரியும்."

வண்டி ஒரு குட்டி ஆஸ்டின். சீமைக்குக் கப்பல் ஏறிய ஒரு காப்பித் தோட்டத்துத் துரை நாற்பத்தெட்டில் விட்டுப்போனது. லூர்துராஜ் மிஷன் ஆஸ்பத்திரி வேன் ஓட்டுகிறவன். வேலை போக மிச்சமிருந்த நேரமெல்லாம் ஏழு வருடமாக அக்ரஹாரத்துச் சந்தில் இருந்த இந்த ஷெட்டில்தான் கழிந்தது. அவனுக்குக் கை கொடுத்தவர் மல்லப்பன். ஹனூர்க்காரர். கொள்ளேகால், ஹனூர் பக்கத்து பஸ்களைப் பன்னிரண்டு வருடம் பழுது பார்த்தவர். முப்பது பேருக்கான பஸ்ஸில் அறுபது பேரும், ராகி மூட்டையும், நாலு ஆடும் ஏறுகிற வழித்தடம் அது. அதனால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பின்பக்கம் ஆடுகிறதா? வில் வில்லாக அடுக்கிய ஸ்பிரிங்கில் இன்னொரு இரும்புப் பட்டை சேர்த்துப் போடு.

"பட்டை ஒன்னு சேத்துப் போட்ருலாங்க தம்பி. பின்னாடி கல்லாட்டம் நின்னுக்கும்."

"போன வருஷமும் சேத்துத்தானே போட்டீங்க, மல்லப்பண்ணா?"

"அதத்தான் சொல்றேன். ஒன்னு பத்தல. ரெண்டு போட்டிருக்கோணும்."

லூர்துராஜுக்கு வேறு யோசனை இருந்தது. வளைவில் வண்டியின் அடிச்சட்டமே முறுக்கிக்கொள்கிறது என்றான். தகரத் தட்டு மாதிரி சேஸிஸ். அடியில் இரண்டு கனத்த இரும்புச் சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பற்றவைத்துவிட்டால் அசையாது.

"எடை கூடுமே" என்றாள் செலின்.

"என்ன பி.எஸ்.ஸி.? என்னமோ சொன்ன?"

"ஒன்னுமில்ல."

மல்லப்பன் தம்ளரை வாங்கிக்கொண்டு சிரித்தார். "பள்ளிக்கூடக் கணக்குல வண்டி ஓடாதுங்க அம்மிணி. ஓடுமுன்னா எங்க ஹனூர் கணக்கு வாத்தியாரு இந்நேரம் டெல்லி போய்ச் சேந்திருப்பாரு. அந்த மனுசன் இன்னும் சைக்கிளுக்குக் காத்தடிக்கவே என்கிட்டதான் வாராரு."

லூர்துராஜும் சிரித்தான். செலினும் சிரித்து வைத்தாள். பட்டப்படிப்பு முடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கல்லூரியில் மூன்று வருடமும் கடைசி பெஞ்சு. விடைத்தாளில் எழுதுவதற்கு அவளுக்குப் பயமே இல்லை. வாய் திறந்து சொல்வதென்றால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் அவள் நேராக ஷெட்டுக்குப் போனாள். லூர்துராஜுக்கு அன்று வேன் வேலை. மல்லப்பன் ஊருக்குப் போயிருந்தார். வண்டியின் பின் அச்சின் இரண்டு முனைகளிலும் நூல் கட்டி, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டுகளைத் தொங்கவிட்டாள். குண்டின் நுனி தரையில் எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் புள்ளி. பிறகு இரண்டு மணல் மூட்டைகளை இழுத்து வந்து வண்டியின் ஒரு பக்கமாக ஏற்றினாள். வளைவில் திரும்பும்போது சாய்வதுபோல வண்டி சாய்ந்தது. குண்டுகள் ஆடி நின்றதும் குனிந்து பார்த்தாள்.

புள்ளிகள் நகர்ந்திருந்தன. ஒரு முனை கால் அங்குலம் பின்னால் போயிருந்தது. மற்றது அதே அளவு முன்னால் வந்திருந்தது.

மூன்று தடவை மூட்டையை இறக்கி ஏற்றினாள். மூன்று தடவையும் அப்படியே.

அவ்வளவுதானா என்றிருந்தது. வில்லாக வளைந்த பட்டை நிமிர்ந்தால் நீளும், மேலும் வளைந்தால் குறுகும். வண்டி சாயும்போது ஒரு பக்கம் நிமிர்கிறது, ஒரு பக்கம் வளைகிறது. அச்சு கோணலாகிறது. ஓட்டுகிறவன் ஸ்டீரிங்கைத் தொடாமலே பின்சக்கரங்கள் வண்டியைத் திருப்பிவிடுகின்றன. பட்டை சேர்க்கச் சேர்க்க வில் இன்னும் உயரும், கோணலும் கூடும். போன வருடம் அண்ணனைச் சுவரில் கொண்டுபோய் மோதவைத்தது மல்லப்பன் ஆசையாகச் சேர்த்த அந்த ஒரு பட்டைதான். இந்த வருடம் இரண்டு போடப்போகிறார்.

செலின் மணல் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலைக்குள் ஒரு முழுத்தாளில் படமும் கணக்கும் எழுதி முடித்தாள். இரண்டு பக்கத்து ஸ்பிரிங்கிலும் ஒவ்வொரு பட்டையைக் கழற்ற வேண்டும். மிச்சத்தைக் கொல்லனிடம் கொடுத்துத் தட்டி நிமிர்த்த வேண்டும். வண்டி தன் எடையில் நிற்கும்போது பட்டை தரைக்கு நேர்கோடாக நிற்க வேண்டும். நேராக நின்றால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அசைந்தாலும் நீளம் பெரிதாக மாறாது. தாளில் பெயர் எழுதவில்லை.

திங்கள்கிழமை மல்லப்பன் அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"பட்டையக் கழட்டறதா? இது யாரு சொன்னது, அம்மிணி?"

நான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஹனூர் வாத்தியாரும் அவர் சைக்கிளும் மனதில் குறுக்கே வந்து நின்றார்கள்.

"நஞ்சுண்டசாமி சார்" என்றாள்.

அவர் கல்லூரியில் பௌதிகச் செய்முறை வகுப்பு எடுத்தவர். மூன்று வருடத்தில் அவரிடம் அவள் "ஆமாம் சார்" தவிர வேறு பேசியதில்லை. அந்தப் பெயர் எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

மல்லப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். தாளை இப்போது இரண்டு கையாலும் பிடித்தார். "காலேஜு சாருங்களா! அதானே பாத்தேன். கோடெல்லாம் எத்தன சுத்தமா இருக்குது."

அன்று மதியமே பட்டைகள் கழன்றன. நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று செலின் நினைத்தாள். ஆனால் மறுநாள் மல்லப்பனிடம் ஒரு கேள்வி இருந்தது.

"சாரைக் கேட்டுட்டு வாங்க அம்மிணி. தம்பி சொல்ற இரும்புச் சட்டம் போடலாமா, வேண்டாமா?"

செலின் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டாள். மறுநாள் காலை பதிலோடு வந்தாள். சட்டம் நாற்பது பவுண்டு. மலை ஏறுகிற வண்டிக்கு அது வீண் சுமை. இரண்டு மெல்லிய குழாயை நடுவில் பெருக்கல் குறிபோலக் குறுக்கே வைத்து போல்ட் முடுக்கினால் ஒன்பது பவுண்டில் முறுக்கு நின்றுவிடும் என்று சார் சொன்னதாகச் சொன்னாள். லூர்துராஜ் உதட்டைப் பிதுக்கினான். பிறகு குழாய் தேடிப் போனான்.

புதன்கிழமை இன்னொரு கேள்வி. வியாழன் இரண்டு. வெள்ளிக்கிழமை கேள்வியோடு நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம் ஒரு சீப்பும் வந்தது.

"சாருக்குக் குடுத்துருங்க. மல்லப்பன் குடுத்தான்னு சொல்லுங்க."

அந்தச் சீப்பை அவள் என்ன செய்வாள்? வீட்டுக்குக் கொண்டுபோனாள். அப்பா இரண்டு தின்றுவிட்டு, "யாரு குடுத்தது? நல்ல ருசி" என்றார். செலின் ஒன்றுகூட எடுக்கவில்லை.

"உங்க சார் தங்கமானவருடி" என்றான் லூர்துராஜ். "மூணு வருஷம் நீ படிச்சதுக்கு இந்தப் பழக்கமாவது கிடைச்சுதே."

ஞாயிறு. மலையடிவாரத்தில் பதினோரு வண்டிகள் வரிசையாக நின்றன. அதில் மிகச் சிறியது ஆஸ்டின்தான். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு ஓட்டம்: காலை பத்துக்கு ஒன்று, மதியம் இரண்டு மணிக்கு ஒன்று. பெயர்ப் பலகை, மைக், கொடி எல்லாம் இருந்தன. கொடிக்குப் பக்கத்தில் குடை நிழலில் ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு மரப்பெட்டி. அதற்குப் பின்னால் கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் செலின் இரண்டடி பின்வாங்கினாள்.

மோட்டார் கிளப்பிடம் நம்பகமான ஸ்டாப்வாட்ச் இல்லை. கல்லூரியில் இரவல் கேட்டிருந்தார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் கருவியை இன்னொருவர் கையில் விடமாட்டார், கூடவே வந்துவிட்டார். நஞ்சுண்டசாமி சார்.

அவள் கூட்டத்துக்குள் ஒதுங்கிக்கொண்டாள். மல்லப்பனுக்கு சாரை முன்பின் தெரியாது. அது ஒன்றுதான் ஆறுதல்.

கொடி விழுந்தது. ஆஸ்டின் உறுமிக்கொண்டு ஏறியது. அடிவாரத்திலிருந்து பார்த்தால் மூன்றாம் வளைவு மரங்களுக்கு நடுவே ஒரு கீற்றாகத் தெரியும். செலின் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். வண்டி சாய்ந்தது. பின்பக்கம் முன்பக்கத்தைத் தொடர்ந்தே போனது, செக்கில் கட்டிய மாடு மாதிரி. வளைவு முடிந்தது. வெள்ளைச் சுவர் அப்படியே இருந்தது.

மல்லப்பன் "ஆஹா!" என்று துண்டை வீசினார். செலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாலு நிமிடம் பதினோரு விநாடி. வண்டிகளில் ஐந்தாவது. ஆனால் இறங்கி வந்த லூர்துராஜின் முகத்தில் பாதி மகிழ்ச்சிதான் இருந்தது.

"மூணாவது வளைவு வெண்ணெய்தான். மேல, அஞ்சாவதுல, மதகு மேடு இருக்கு பாருங்க. அங்க பின்னாடி ரெண்டு குதி குதிச்சுது. தூக்கிப் போட்டுச்சு."

"பட்டை பத்தல" என்றார் மல்லப்பன். உடனே சாக்குப்பையிலிருந்து எதையோ எடுத்தார். கழற்றிய பழைய பட்டைகள், வளைவு மாறாமல், எண்ணெய் தடவித் துணி சுற்றி வைத்திருந்தார். "எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டாந்தேன். சாரு வேண்டாம்னு சொன்னாரேன்னுதான் பாக்கறேன். ஏனுங்க தம்பி, அந்த மைக்குக்காரரு இப்ப என்ன பேரு சொன்னாரு? நேரம் எடுக்கறவரு... நஞ்சுண்டசாமியா?"

செலின் அவர் கையைப் பிடிப்பதற்குள் அவர் மேஜையை அடைந்துவிட்டார். கும்பிட்டார்.

"சார், நான்தானுங்க மல்லப்பன். வாழைப்பழம் நல்லா இருந்துச்சுங்களா?"

சார் தலையைத் தூக்கினார். "யாவ ஹண்ணு? எந்தப் பழம்?"

"ரசபாளைங்க. நீங்க கணக்குப் போட்டுக் குடுத்தீங்களே, ஸ்பிரிங்குக்கு, அதுக்கு." மல்லப்பன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். எண்ணெய்க் கைரேகைகளுக்கு நடுவே அவள் வரைந்த படம்.

சார் மூக்குக்கண்ணாடியை இறக்கி நிதானமாகப் படித்தார். நல்ல வேலை என்று கன்னடத்தில் சொன்னார். அளந்து பார்த்து எழுதியிருக்கிறது, ஊகமில்லை. ஆனால் அது தான் எழுதியதல்ல. தனக்கு சைக்கிள் தவிர எந்த வண்டியும் தெரியாது. சொல்லிவிட்டு ஒருமுறை கூட்டத்தைப் பார்த்தார். மூன்று வருடம் அவர் திருத்திய நோட்டுகளில் பார்த்த கையெழுத்து அது. தாளை மடித்து, மல்லப்பனைத் தாண்டிக் கையை நீட்டி, பின்னால் வந்து நின்ற செலினிடம் கொடுத்தார். பிறகு தன் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்கப் போய்விட்டார்.

மல்லப்பன் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அப்ப யாரோ பேரில்லாதவன் எழுதினதா அது? அதை நம்பியா தம்பி உசுரைக் குடுத்தோம்?" துணியை உதறிப் பட்டைகளை எடுத்தார். "ஒரு மணி நேரம் போதும். ரெண்டையும் ஏத்திப் போட்டர்றேன். ஜாக்கிய எடுங்க."

லூர்துராஜ் தங்கையைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவன் கை தன்னையறியாமல் போன வருடம் முறிந்த எலும்பைத் தடவியது. பிறகு ஜாக்கியை எடுத்துப் பின் அச்சுக்கு அடியில் தள்ளினான்.

ஜாக்கியின் கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டு. வண்டியின் பின்பக்கம் எழும்பத் தொடங்கியது. செலினுக்கு ஷெட் தரையும் சாக்பீஸ் புள்ளிகளும் தெரிந்தன. கால் அங்குலம். மூன்று தடவையும் கால் அங்குலம். கழற்றிய பட்டை திரும்ப ஏறினால் மறுபடியும் அதே கால் அங்குலம். வெள்ளைச் சுவர் மேலே வெயிலில் நின்றது.

அவள் போய் ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"பட்டை வேண்டாம், மல்லப்பண்ணா."

குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"குதிக்கிறது பட்டையால இல்ல. குதிச்சது நிக்காததுதான் தப்பு. பட்டையக் குறைச்சோம், ஆட்டத்தை அடக்கற ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டுட்டோம். அதுல வட்டு வட்டா அழுத்திக்கிட்டு இருக்கில்ல, நடுவுல நட்டு? பின்னாடி ரெண்டையும் அரைச் சுத்து இறுக்குங்க. அதுக்கு மேல வேண்டாம்."

மல்லப்பன் பட்டையைக் கையில் வைத்தபடியே அவளைப் பார்த்தார்.

"இது யாரு சொன்னது, அம்மிணி?"

நாக்கு மேலண்ணத்துக்குப் போகப் பார்த்தது. அவள் கைப்பிடியை விடவில்லை.

"நான் சொல்றேன்" என்றாள் செலின். "அன்னிக்கும் நான்தான் சொன்னேன்."