பாதித் தலை

துலியின் தலைமுடி அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளை ஒன்று விடாமல் தின்றுகொண்டிருந்தது. வாரத்தில் ஆறு நாள் சூப்பர் மார்க்கெட்டின் கறிப் பிரிவில் நின்று எலும்பு வெட்டுகிறவளுக்குக் கிடைப்பதே அந்த ஒரு நாள். காலை ஏழு மணிக்குப் பழைய பின்னலை அவிழ்க்க உட்கார்ந்தால் சிக்கெடுக்க இரண்டு மணி நேரம், அலச ஒரு மணி நேரம், அப்புறம் அந்த எண்ணெய், இந்த வெண்ணெய், ஊற வைப்பது, உலர்த்துவது, மறுபடி பின்னுவது என்று எல்லாம் முடிகிறபோது மணி ஐந்தாகிவிடும். முடியா அது! இழுத்துப் பிடித்தால் இடுப்பைத் தொடும், விட்டால் சுருண்டு தோளுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். குளியலறைப் பலகையில் அதற்கென்று பதினொரு புட்டிகள் வரிசையாக நின்றன.

அந்த ஞாயிறு காலையில் சீப்பு பாதியில் சிக்கி, தோள்பட்டை பிடித்துக்கொண்டது. "நாசமாப் போ!" என்று சீப்பைச் சுவரில் விட்டெறிந்தாள். அதில் மூன்று பல் உடைந்தது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வேன் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் இருந்த ஒடெட்டின் கடைக்கு நேராக நடந்தாள்.

ஒடெட்டும் அவள் தங்கை கிளாரிஸும் காங்கோவிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்து ஒன்பது வருஷம். துலி அந்த ஊர்க்காரியே, ஜூலு பேசுகிறவள். இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு தகரக் கதவு, அவ்வளவுதான் கடை. துலி புலம்பியதைக் கேட்டு ஒடெட் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"பதினொரு புட்டியா? நீ தலை குளிக்கிறியா, மருந்துக்கடை நடத்துறியா?"

"சிரிக்காதடி. எனக்குக் கையே விழுந்துடும் போல இருக்கு."

"ரெண்டு புட்டி போதும். மீதி ஒம்பதையும் கொண்டுபோய்க் குப்பையில போடு. உக்காரு."

வேலை அத்தனை சுலபம் என்று துலிக்குத் தெரிந்தபோது அழுகையே வந்துவிட்டது. தலையை நாலு பாகமாகப் பிரி. ஒரு பாகத்தைக் கழுவும்போது மற்ற மூன்றையும் கட்டியே வை. ஈரத்திலேயே கண்டிஷனர் போட்டு, நுனியிலிருந்து மேலே சீவு. மூன்று புரிப் பின்னல் வேண்டாம், இரண்டு புரியாக முறுக்கு. கடைசியில் நுனியைத் தண்ணீரில் நனைத்து விரலில் சுருட்டி விடு, அவிழாது. இரண்டு வாரத்துக்குத் தலைப் பக்கம் போகாதே. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இடது பக்கத்தை ஒடெட் முடித்துவிட்டு, கடைசி மூன்று முறுக்கைத் துலியையே போடச் சொன்னாள். இரண்டு அவிழ்ந்து போயின.

"ஆட்டுக்கால் வெட்டுற கை, முடியைக் கண்டா நடுங்குதே!" என்று கிளாரிஸ் கேலி பண்ணினாள். "அக்கா, இவளுக்குக் கத்தியைக் குடு, வேலை நடக்கும்."

மூன்றாவது நின்றது. துலிக்கு ஒரே குஷி. "வந்துடுச்சு! மீதிப் பாதியை நான் வீட்டுல போய்ப் போட்டுக்கிறேன்" என்று எழுந்தாள். ஒடெட் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"இந்தக் கடையிலேருந்து பாதித் தலையோட எவளும் வெளிய போனதில்ல. எங்க அம்மா எங்களுக்குச் சொல்லிக் குடுத்த மொத விஷயம் அதான். அரைகுறையா எழுந்து போனவ போற வழியெல்லாம் பின்னினவ மானத்தை வித்துக்கிட்டே போவா."

கிளாரிஸ் மூவருக்கும் பொரித்த மாவுருண்டையும் ஈரல் குழம்பும் வாங்கி வரக் கிளம்பினாள். செருப்புச் சத்தம் 'டப் டப்' என்று சந்தில் தேய்ந்து மறைந்தது. அது போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஸ்டாண்டுப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

வெள்ளிக்கிழமையே பேச்சு இருந்தது. அந்நியர்கள் எல்லாம் கடையைக் காலி பண்ண வேண்டும், இல்லாவிட்டால் காலி பண்ண வைப்போம் என்று. "வருஷா வருஷம் சொல்றானுங்க" என்று ஒடெட் கையை உதறிவிட்டிருந்தாள். இப்போது தகரம் உடைகிற சத்தமும், கண்ணாடி நொறுங்குகிற சத்தமும், அதற்கு மேலே நூறு ஆண்கள் பாடிக்கொண்டு வருகிற சத்தமும் கேட்டன. துலி எட்டிப் பார்த்தாள். சந்து முனையில் செருப்புத் தைக்கிற மொசாம்பிக்காரரை இருவர் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவர் தலை படியில் மோதியது. இன்னொருவன் அவருடைய சுத்தியலையே எடுத்து அவர் முழங்காலில் அடித்தான். அவர் கடை புகைந்துகொண்டிருந்தது.

பின்வாசல் கிடையாது. கதவைச் சாத்தினால் உள்ளே வைத்தே கொளுத்துவார்கள். ஒடெட் "கிளாரிஸ், கிளாரிஸ்" என்று முனகிக்கொண்டு நின்றாள். துலிக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ! ஒடெட்டின் இடுப்பிலிருந்த ஏப்ரனை உருவித் தன் இடுப்பில் கட்டினாள். ஒடெட்டின் தலையிலிருந்த பொய்முடியைப் பிடுங்கி மேசைக்கடியில் எறிந்தாள். உள்ளே மூன்று மாதமாகச் சீப்புப் படாத தலை. ஊரார் தலையெல்லாம் பின்னுகிறவளுக்குத் தன் தலைக்கு ஏது நேரம்? அன்றைக்கு அதுவே உதவிக்கு வந்தது: பொய்முடி இல்லாமல் அவளை ஸ்டாண்டில் யாரும் பார்த்ததில்லை, பின்னிக்கொள்ள வந்தவள் போலவே இருந்தாள். அவளை நாற்காலியில் தள்ளி, எண்ணெய் தொடுகிற பஞ்சை உருட்டி வாயில் திணித்தாள்.

"உனக்கு நேத்து பல்லு புடுங்கியிருக்கு. வாயே தெறக்காத. நீ பேசினா உச்சரிப்பே காட்டிக்குடுத்துடும், ரெண்டு பேரும் செத்தோம்."

வாசல் இருண்டது. உள்ளே வந்தவன் கையில் உருண்டைத் தலை வைத்த தடி. முகத்தைப் பார்த்ததும் துலிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. முசி! ஸ்டாண்டில் வேனுக்கு ஆள் ஏற்றுகிற முசி. வெள்ளிதோறும் அவளிடம் குடல் வாங்குகிறவன். அவனுக்குப் பின்னால் நாலு பேர்.

"அட, துலியக்கா! நீ இங்க என்ன பண்றே?"

"கண்ணு தெரியலையா? பின்னிக்கிட்டிருக்கேன்."

"நீ கறி வெட்டுறவ. இது அந்தக் காங்கோக்காரிங்க கடை."

"அவளுங்க வெள்ளிக்கிழமையே ஓடிட்டாளுங்க. நாற்காலி சும்மா கெடந்துச்சு. கறிக்கடைச் சம்பளத்துல மூணு புள்ளைங்களுக்கு நீ வந்து சோறு போடுவியா?"

பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். முசி சிரிக்கவில்லை. தடியால் கண்ணாடியில் ஒரு போடு போட்டான். சில்லுகள் ஒடெட்டின் மடியில் கொட்டின. அவள் அசையவில்லை.

"உன் தலை ஏன் பாதியில நிக்குது?"

"என் தலையைப் போட்டுக்கிட்டிருக்கும்போது இவ வந்து உக்காந்தா. வந்த ஆளை வெளிய நிக்க வச்சுட்டு நான் அலங்காரம் பண்ணிக்கவா?"

"இவ யாரு? வாயில என்ன?"

"பல்லு புடுங்கினது. ரத்தம் நிக்கல."

முசி குனிந்து ஒடெட்டின் முகத்தை உற்றுப் பார்த்தான். "அடிச்சா எந்த பாஷையில கத்துறான்னு பாத்துடலாம்" என்று சொன்னவன், சொல்லி முடிக்கும் முன்பே தடியை அவள் முழங்கால் சில்லில் இறக்கினான். துலியின் பல் கூசியது. ஒடெட்டின் உடம்பு நாற்காலியிலிருந்து எழும்பி விழுந்தது, கண்ணில் நீர் கொட்டியது, தொண்டைக்குள் ஓர் உறுமல் வந்தது, ஆனால் அதில் வார்த்தை இல்லை. அடப் பாவி மகளே, எப்படித்தான் தாங்கினாளோ!

"காட்டுமிராண்டி!" என்று துலி கத்தினாள். "உங்க அக்கா வயசு அவளுக்கு!"

"பின்னு" என்றான் முசி. "ஒண்ணு பின்னு. பாக்குறேன்."

துலி ஒரு கற்றையைப் பிரித்தாள். விரல் வழுக்கியது. இரண்டாகப் பிரித்து, நனைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக முறுக்கிக்கொண்டே வந்தாள். ஒடெட்டின் உச்சந்தலை வியர்வையில் நனைந்து துடிப்பது விரல் நுனியில் தெரிந்தது. நுனிக்கு வந்ததும் தண்ணீர் தொட்டு விரலில் சுருட்டிவிட்டுக் கையை எடுத்தாள். முசி அந்த முறுக்கைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். ஒடெட்டின் தலை பக்கவாட்டில் போனது. முறுக்கு அவிழவில்லை.

"சரி" என்று அவன் திரும்பினான். துலிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்! டப் டப் என்று செருப்புச் சத்தம். காகிதப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தின் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி, கிளாரிஸ் வாசலுக்கு வந்துவிட்டாள். நாற்காலியில் அக்கா. ஏப்ரனில் துலி. நடுவில் தடி. ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று துலி அவள் முகத்தில் பார்த்தாள்.

"ஏய், நீ இந்தக் கடையா?" என்றான் முசி.

"இல்ல. நான் அந்தக் கோடிக் கடை" என்றாள் கிளாரிஸ். அந்த உச்சரிப்பு அவளைக் காட்டிக்கொடுக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் பேசினாள். பேசிவிட்டுப் பையை அவன் முகத்தில் அடித்தாள். சூடான ஈரல் குழம்பு அவன் கண்ணில் வழிந்தது. அவள் கடைக்கு எதிர்த் திசையில் ஓடினாள். ஐந்து பேரும் அவள் பின்னால் ஓடினார்கள்.

ஒடெட் வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு எழுந்தாள். துலி அவள் தலைமுடியைப் பிடித்தாள். தோளைப் பிடித்திருக்கலாம், கையில் அகப்பட்டது முடி. மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, நாற்காலியோடு சேர்த்து இழுத்து, இன்னொரு கையால் வாயைப் பொத்தினாள். மாட்டுத் தொடையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுகிற கை அது, ஒடெட்டால் அசைக்க முடியவில்லை. அவள் துலியின் கையை எலும்பு வரை கடித்தாள். நகத்தால் கிழித்தாள். உதைத்தாள். துலி விடவில்லை.

ஸ்டாண்டுத் தண்ணீர்க் குழாய் அங்கிருந்து நாற்பது அடிதான். எல்லாம் கேட்டது. கிளாரிஸ் முதலில் ஜூலு மொழியில் கெஞ்சினாள். அப்புறம் தன் மொழியில் அக்காவைக் கூப்பிட்டாள். அந்த மொழி தெரியாத துலிக்கே அது அக்காவைக் கூப்பிடுகிற குரல் என்று புரிந்தது. மூன்று தடவை கூப்பிட்டாள். அதன்பிறகு தடியின் சத்தம் மட்டும், ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிறது போல, கொஞ்ச நேரம் கேட்டது.

கூட்டம் அடுத்த தெருவுக்குப் போனது. துலி கையைத் திறந்தபோது, வேரோடு பிடுங்கிய முடி ஒரு பிடி அவள் உள்ளங்கையில் ரத்தத்தோடு இருந்தது.

குழாயடியில் கிளாரிஸின் முகம் முகமாக இல்லை. ஒரு செருப்பு காலில் இருந்தது. நொண்டிக்கொண்டு போன ஒடெட் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துலி கிட்டே போனாள்.

"ஏன் புடிச்சே?"

"போயிருந்தா உன்னையும் கொன்னிருப்பானுங்க."

"ஏன் புடிச்சே?"

வேறொன்றும் கேட்கவில்லை. திருப்பித் திருப்பி அதையே கேட்டாள். ஆம்புலன்ஸ் வந்து தங்கையின் மேல் துணியைப் போர்த்துகிற வரைக்கும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை முசி கறிப் பிரிவுக்கு வந்தான். ஒரு கண் சிவந்திருந்தது. "அக்கா, குடல் நல்லதாப் பாத்துக் குடு. உன் ஆளுக்குப் பல்லு சரியாச்சா?" என்று கேட்டான். துலியின் கையில் வெட்டுக்கத்தி இருந்தது. அவன் கை கண்ணாடிப் பெட்டியின் மேல் விரிந்து கிடந்தது. ஒரே வெட்டு! ஆனால் ஒடெட் இன்னும் இதே ஊரில், ஒரு சர்ச் மண்டபத்தில், இருநூறு பேரோடு பாய் விரித்துப் படுத்திருந்தாள். பொய் உடைந்தால் தேடிப் போவார்கள். துலி கத்தியைப் பலகையில் ஓங்கி அடித்தாள், அது பாதி வரை இறங்கி நின்றது. "ஆச்சு" என்று சொல்லி, குடலை நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அன்றைக்குத் தன்னைப் போல் கேவலமானவள் உலகத்தில் இல்லை என்று தோன்றியது.

ஞாயிறன்று மண்டபத்துக்குப் போனாள். தலையில் துணி கட்டியிருந்தாள். அடுத்த நாள் பஸ்ஸில் ஒடெட் ஊருக்குக் கிளம்புகிறாள் என்று வாசலில் சொன்னார்கள். ஒடெட் மடித்த பாயின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை, நடுவில் பொருக்கு. துலியை நிமிர்ந்து பார்த்து, கையை நீட்டித் துணியை அவிழ்த்தாள். வலது பக்கம் ஒரு வாரமாய்ச் சிக்குப் பிடித்துக் கிடந்தது. ஒடெட் தன் கால்களுக்கு நடுவே தரையைக் காட்டினாள்.

துலி உட்கார்ந்தாள். சீப்பு முரட்டுத்தனமாக இறங்கியது. கண்ணில் நீர் வந்தது, வாயைத் திறக்கவில்லை. அரை மணி நேரத்தில் கடைசி நுனியை விரலில் சுருட்டி விட்டாள் ஒடெட்.

"முடிஞ்சது" என்றாள். "பாதித் தலையோட யாரையும் நான் அனுப்பினதில்ல. இப்ப எழுந்து போ. இனிமே செத்தாலும் என் முகத்துல முழிக்காத."

"ஒடெட்..."

"அவ என்னைக் கூப்பிட்டா, துலி."

ஒடெட்டின் பஸ் எல்லையைத் தாண்டிவிட்டதென்று தெரிந்த அன்றே துலி போலீஸ் நிலையத்துக்குப் போய் முசியின் பெயரைச் சொன்னாள். கையில் இருந்த பல் தடத்தைக் காட்டி, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் ஆட்கள் அவள் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்தார்கள். எறியட்டும் என்று இருந்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தலையை அவிழ்த்தாள். நாலு பாகம். இரண்டு புட்டி. ஒவ்வொரு முறுக்கும் அழகாக நின்றது. ஏழே முக்காலுக்கு முடிந்துவிட்டது. எத்தனை வருஷமாக ஏங்கிய நாள்! பிள்ளைகள் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள், வீடு அமைதியாக இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் டப் டப் என்று செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அப்புறம் அந்தக் குரல். ஒரு தடவை, இரண்டு தடவை.

மூன்றாவது தடவை கூப்பிடும் முன் எழுந்தாள். குப்பைக்குப் போகாமல் மூலையில் கிடந்த ஒன்பது புட்டிகளையும் எடுத்துத் துடைத்துப் பலகையில் வரிசையாக வைத்தாள். போட்ட முறுக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பல் உடைந்த பழைய சீப்பை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அன்றைக்குத் தலையை முடித்தபோது மணி ஐந்து.