ஷிஃப்ட் நோட்டு

அக்கா ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். எட்டு மணி நேரமும் நின்றாக வேண்டும். பெண்கள் குதிகால் உயர்ந்த செருப்புதான் போட வேண்டுமென்பது அங்கே விதி. ஆண்களுக்குச் சாதாரண ஷூ போதும்.

கணுக்கால் வீங்கியதும் அக்கா தட்டைச் செருப்போடு போனாள். மேனேஜர் அவளை மூன்று முறை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். நான்காவது முறையும் அப்படி வந்தால் வேலையே இல்லை என்றார்.

"பேசாம அதையே போட்டுக்கக்கா. இந்த வேலையும் போச்சுன்னா?" என்றேன்.

அவள் ஒற்றைச் செருப்பை என் பக்கம் தள்ளினாள். "ஒரு நாள் இதுல நின்னுட்டு வந்து புத்தி சொல்லுடா."

போட்டுப் பார்த்தேன்; விரல்களுக்கு மேல் என் கால் உள்ளே போகவில்லை. மறுநாள் அவளோடு இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன்.

"வீட்டுக்கு அனுப்பினதுக்கு எழுத்துல ஏதாவது இருக்காம்மா? வாயால சொன்னதை நாளைக்கு இல்லைன்னுடுவாங்க," என்றார் வக்கீலம்மா.

"ஷிஃப்ட் நோட்டுல இருக்கு மேடம்."

அடுத்து வருபவருக்காக அன்று நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் நோட்டு அது. அக்கா எதையும் விடமாட்டாள். 'பன்னிரண்டாம் அறையில் குழாய் ஒழுகுகிறது. தட்டைச் செருப்பு போட்டதால் ஒன்பது மணிக்கு வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். மேசையில் ஆள் இல்லை.'

"கீழ யார் கையெழுத்து?"

"மேனேஜர்தான். தினமும் போடுவாரு."

"படிச்சுட்டுதான் போடுவாரா?"

"படிச்சிருந்தா அந்தக் குழாய் இன்னும் ஒழுகுமா மேடம்?"

வக்கீலம்மா சிரித்துவிட்டார். "நோட்டை எடுத்துட்டு வந்துடாதீங்க. திருட்டுப் பட்டம் கட்டுவாங்க. நான் லெட்டர் போட்டுக் கேக்கறேன்."

விடுதிக்கு எழுதிய கடிதத்தில் அந்த மூன்று நாள் பக்கங்களின் நகலைக் கேட்டார். ஆண்களுக்கு ஏன் இந்த விதி இல்லை என்றும் கேட்டார். பதில் கடிதம் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, எல்லோரும் கறுப்புத் தட்டைச் செருப்பு போடலாமென்று விடுதியில் அறிவிப்பு ஒட்டினார்கள். குழாயையும் சரிசெய்தார்கள். அதன்பின் மேனேஜர் ஒவ்வொரு கையெழுத்துக்கு மேலும் 'படித்தேன்' என்று எழுதத் தொடங்கினார். அக்கா வேண்டுமென்றே நீளமாக எழுதினாள்.

இன்னும் ஆறு வருடம் அங்கே நின்றாள். அவள் இறந்தபின் பொருட்களை வாங்கிவரப் போனேன். தட்டைச் செருப்போடு நின்றிருந்த பெண், அக்காவின் செருப்பை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். பிறகு ஷிஃப்ட் நோட்டைத் திருப்பி அக்கா எழுதிய கடைசிப் பக்கத்தைக் காட்டினாள்.

'நாளை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மேசைக்கு ஆள் வேண்டும்.'

அதன் கீழே, 'படித்தேன்.'