குடைக்குப் பின்னால் பதினேழு பேர்

“ஆறு எங்களுக்கு வலப்பக்கமாத்தான்—”

“வலப்பக்கத்தில இருந்தது மீன் கடை. ஆறு—”

“சொல்லி முடிக்க விடு ஜுனைதா. முன்னால போனது நான். எனக்குத் தெரியாதா?”

“முன்னால போனவருக்குத்தானே ஆத்தைக் காணக் கிடைக்கல்ல.”

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து அப்துல் ஸமத் சோற்றுப் பீங்கானின் முன்னால் உட்கார்ந்தபோது தொடங்கிய சண்டை, அவர் கை கழுவி ஒரு மணித்தியாலம் ஆன பின்பும் அதே ஆற்றங்கரையில்தான் நின்றது. அந்த ஆறு அவர்களுடைய ஊரான அலுவிகாரையில் இல்லை. மாத்தளை மாவட்டத்திலேயே இல்லை. லிஸ்பன் நகரத்தில், இரண்டரை வருடத்துக்கு முந்திய ஒரு செவ்வாய்க்கிழமையில் இருந்தது. அன்றுதான் கணவனும் மனைவியும் அந்த ஊரில் கழித்த கடைசி நாள்.

இன்றைக்கு அதைக் கிளப்ப வேண்டி வந்ததற்குக் காரணம் பஸீர். மாத்தளை டவுனில் விமானச் சீட்டு போட்டுக் கொடுக்கிறவர். லிஸ்பனில் இருக்கும் மகள் ஜெஸ்லாவுக்கு இரண்டாவது பிள்ளை அடுத்த மாதம். விசா இரண்டு பேருக்கும் வந்துவிட்டது. சீட்டு ஒன்றா இரண்டா என்று அஸர் தொழுகைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள், நானே அழைக்கிறேன் என்று பஸீர் காலையில் சொல்லியிருந்தார்.

ஜுனைதாவுக்கு ஒன்று போதும். எட்டு வாரம் மகளுக்குப் பத்தியம் பார்த்துச் சமைத்துப் போட்டுவிட்டு, திரும்புவதற்கு முதல் நாள், காலை தொடங்கி பொழுது சாயும் மஃரிப் வரைக்கும் அந்த ஊரைத் தன் காலால், தன் வேகத்தில், தனக்குப் பிடித்த பக்கமாகத் திரும்பித் திரும்பி நடந்து பார்க்க வேண்டும். அவளுக்கு அறுபத்து மூன்று வயது. வேறு ஆசை எதையும் அவள் இந்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஜெஸ்லாவும் தொலைபேசியில் குரலைத் தாழ்த்தி, “உம்மா, நீங்க மட்டும் வாங்க. வாப்பாவும் வந்தா நான் மூணு புள்ள பாக்கணும்” என்று சொல்லியிருந்தாள். அதை ஜுனைதா கணவரிடம் சொல்லவில்லை. வயிறு நிறைந்த மனிதரை நோகடிப்பானேன் என்ற இரக்கம்தான்.

ஸமத்துக்கோ இரண்டு சீட்டு. தான் இல்லாமல் ஜுனைதாவுக்கு அங்கே வழி தெரியாது என்பது அவருடைய கட்சி. அதற்கு அவர் கையில் இருந்த ஒரே சாட்சி அந்தச் செவ்வாய்க்கிழமை.

வழி காட்டுவது அவருக்குத் தொழில். ஏ9 பாதையோரம் அவர்களுடைய வாசனைத் திரவியத் தோட்டம் இருக்கிறது. பஸ்ஸில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களை ஒரு கறுவாக் கம்பைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி அவர்தான் உள்ளே கூட்டிப் போவார். வனிலாக் கொடியருகில் நிற்பார். திரும்புவார். கடைசியில் வருகிற தொந்திக்காரர் வந்து சேரும் வரைக்கும் காத்திருப்பார். பிறகு ஒரு இலையைக் கசக்கி மூக்குக்கு நேரே நீட்டி, இது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம் என்பார். ஒருவருக்கும் தெரியாது. நாற்பது வருடமாக ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே பதிலைத் தானே சொல்லி, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு சந்தோஷப்படக் கூடிய மனிதர் அவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணெய்ப் போத்தல் விற்கும் கடையில் போய் முடியும்படி அந்தத் தோட்டத்துப் பாதையை வெட்டியவரும் அவரேதான்.

லிஸ்பனும் கிட்டத்தட்ட அப்படித்தான். எந்தச் சந்தில் இறங்கினாலும் ஆற்றில் போய் முடியும். அப்படிப்பட்ட ஊரிலும் ஆற்றைத் தவற விடலாம் என்று காட்டியவர் ஸமத்.

“போன முறை நீ என்னோடதானே வந்த” என்றார் அவர் இப்போது.

ஜுனைதா சும்மா இருக்கவில்லை. தான் ஒன்பது வாரம் முந்தியே தனியாகப் போனதையும், அப்போது அவர் பல்லேகமவில் மிளகு வாங்கித் திரிந்ததையும், கடைசிப் பதினொரு நாளைக்குத்தான் வந்து சேர்ந்ததையும், அந்தப் பதினொரு நாளில் ஐந்து நாள் குளிர் என்று போர்வைக்குள் கிடந்ததையும் வரிசைப்படி ஞாபகமூட்டினாள். அந்த ஒன்பது வாரமும் ஜெஸ்லா தூங்கும் காலைநேரத்தில் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியவள் அவள். எந்தத் தெருவின் கல்லில் சில்லு மாட்டும், எந்த மேட்டில் மூச்சு வாங்கும், எந்த ஜன்னலில் யார் துணி காயப்போடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம்.

கடைசி நாளைக்கு அவள் ஒரு வழியே போட்டு வைத்திருந்தாள். முதலில் மேட்டுக்கு ஏறி ஊரைப் பார்ப்பது, பிறகு துணி காயும் சந்துகள் வழியாக இறங்கி ஆற்றங்கரைப் படியில் உட்காருவது, கால் இருந்தால் பின்னேரம் எதிர் மேட்டுக்கும் போவது. அன்று காலை பாண் தின்னும்போது அதைக் கணவரிடம் சொல்லவும் செய்தாள். ஸமத் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பின்பு மருமகன் இப்திகாரின் சிவப்புக் குடையை எடுத்துக்கொண்டு, நீ தொலையாமல் என் பின்னாலேயே வா என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை.

ஊரின் நடுச் சதுக்கத்துக்கு வந்ததும் குடையை மடித்தபடியே தலைக்கு மேலே உயர்த்தினார். அவருக்கு அது கறுவாக் கம்பு. அந்த ஊரிலோ உல்லாசப் பயணிகளைக் கூட்டிப் போகிற வழிகாட்டிகளின் அடையாளம் அது. காலை பத்து மணிக்கு அந்தச் சதுக்கத்தில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று குடைகள் நிற்கும். அந்தந்தக் குடையைத் தேடி ஆட்கள் வந்து சேருவார்கள். ஸமத் நடந்தார். ஜுனைதா பின்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் பதினேழு பேர் நடந்தார்கள்.

முதலில் கண்டது அவள்தான். அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்து, இந்தாங்க, ஒரு கூட்டம் வருது என்றாள். ஸமத் திரும்பிப் பார்த்தார். தொப்பி, கமரா, தண்ணீர்ப் போத்தல். வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுக் குடையை இறக்கியிருப்பார்கள். இவர் காலை அகட்டி நின்று, கடைசி ஆள் வந்து சேரும் வரைக்கும் காத்திருந்து, வெல்கம் என்றார்.

பிறகு அவர் வாயைக் கேட்கவா வேண்டும். எதிரே இருந்த தேவாலயம் இலங்கைக் கறுவா விற்ற காசில் கட்டியதாம். சுவரில் பதித்த நீல ஓடு கரப்பான் வராமலிருக்கப் பதித்ததாம். குதிரை மேல் இருந்த வெண்கல மனிதர் எங்கள் கண்டிப் படையிடம் அடி வாங்கிக்கொண்டு திரும்பியவராம், அதனால்தான் முகம் அப்படி இருக்கிறதாம். பதினேழு பேரும் கேட்டார்கள். இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள். தான் ஆசைப்பட்ட நாள் பதினேழு முதுகுகளுக்குப் பின்னால் கரைந்து போவதை ஜுனைதா நின்று பார்த்தாள். இரண்டாவது தேவாலயத்தில் அவளுடைய முகத்தைக் கண்டு களைப்பென்று நினைத்தாரோ என்னவோ, தலைகளுக்கு மேலால் கையைக் காட்டி, நீ அந்தப் படியில் இரு, இவர்களை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன் என்றார். குடை எதிர் மேட்டுப் பக்கமாக ஏறி மறைந்தது. ஆறு இருந்தது மறுபக்கம்.

அவர் போன சுற்று எப்படி முடிந்தது என்பதற்கு இரண்டு கதை உண்டு. ஸமத்தின் கதையில், பழக்கதோஷத்தால் ஒரு வாசனைச் சரக்குக் கடையில் கொண்டுபோய் முடித்தார்; அங்கிருந்த கறுவாவை முகர்ந்து, இது சீனப் பட்டை, எங்களுடையது கடதாசி மாதிரி மெல்லிசாக இருக்கும் என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னார்; உண்மையான வழிகாட்டிப் பெண் ஓடி வந்து அவருடைய கையைப் பிடித்துப் பாராட்டினாள். அந்தக் கடைக்கு எதிர்க் கடை வங்காளி மறுநாள் இப்திகாருக்குச் சொன்ன கதையிலும் அந்தப் பெண் கையைப் பிடித்தது உண்மை. குலுக்குவதற்கு அல்ல, குடையைப் பறிப்பதற்கு.

ஊருக்கு வந்ததிலிருந்து தோட்டத்துக்கு வரும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஸமத் தன்னுடைய கதையைச் சொல்கிறார். பள்ளிவாசலிலும் சொல்லியாயிற்று. லிஸ்பனைக் கால்நடையாகவே ஒரு நாளில் பார்த்து முடித்தவர் என்று ஊரில் பெயர். கதையின் கடைசியில் மனைவிக்கும் ஒரு இடம் கொடுப்பார். “இரண்டு மணித்தியாலம் கழிச்சு வாறேன், சொன்ன படியிலேயே அசையாம இருக்கா. அதுதான் எங்கட பொம்புளைகள்.” கேட்கிறவர்கள் மாஷா அல்லாஹ் சொல்வார்கள். ஜுனைதா உள்ளே தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டிருப்பாள்.

அவள் அந்தப் படியில் எவ்வளவு நேரம் இருந்தாள் என்று கேட்டால், குடை மறையும் வரைக்கும். பிறகு எழும்பிப் பாவாடையைத் தட்டிவிட்டு நடந்தாள். அவர் போகாத மேட்டுக்கு ஏறினாள். ஓட்டுக் கூரைகள் எல்லாம் அவளுடைய காலடிக்குக் கீழே இறங்கி இறங்கிப் போயின. துணி காயப்போடும் கிழவி ஜன்னலிலிருந்து கைகளைத் தொட்டிலாக ஆட்டிக் காட்டி, பிள்ளை எங்கே என்று கேட்டாள். ஜுனைதா உறங்குவதாகக் கன்னத்தில் கை வைத்துக் காட்டினாள். ஒரு கடைக்குள் போய், நின்றபடியே, தனியாக, ஒரு கோப்பி குடித்தாள். வயதுக்கு வந்ததிலிருந்து கடையில் தனியாக நின்று ஒன்றைக் குடித்தது அதுதான் முதல் தடவை. பிறகு சந்து சந்தாக ஆற்றுக்கு இறங்கினாள். கடைசிப் படி வரைக்கும் தண்ணீர் வந்து வந்து போனது. ஒரு அலை அவளுடைய சப்பாத்தை நனைத்தது. விலகாமல் நின்றாள். எதிர் மேட்டுக்குப் போக நேரமில்லை.

அவர் வருவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்னால் வந்து படியில் உட்கார்ந்துகொண்டாள். குடை இல்லாமல் வந்த ஸமத், தான் மிகவும் களைத்துப்போனதாகச் சொன்னார். அவளுடைய ஈரச் சப்பாத்தை அவர் பார்க்கவில்லை. வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.

தொலைபேசி அடித்தது. ஸமத்தான் எடுத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்துவிட்டு, “ரெண்டு சீட் போடுங்க பஸீர்” என்றார்.

ஜுனைதா குனிந்து தொலைபேசிக்கு நேராகப் பேசினாள். “பஸீர் தம்பி, ஒரு சீட். எண்ட பேருக்கு மட்டும்.”

அந்தப் பக்கத்தில் பஸீர் தொண்டையைச் செருமினார். எத்தனையோ தம்பதிகளை உம்ராவுக்கு அனுப்பியவர். எந்த இடத்தில் வாய் திறக்கக் கூடாது என்று தெரிந்தவர்.

ஸமத் சிரித்தார். கோபம் வந்தால் அவர் முதலில் சிரிப்பார். “நீங்களே கேளுங்க பஸீர். இவ அங்க தனியப் போய் என்ன செய்யப் போறா? விட்ட இடத்திலயே ரெண்டு மணித்தியாலம் ஒரே படியில குந்திட்டிருந்த ஆள். நான் வந்து எழுப்பாட்டி இண்டைக்கும் அங்கதான் இருப்பா.”

ஜுனைதா கதிரையை இழுத்து அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

“ஜெஸ்லாட வாப்பா, நான் அந்தப் படியில இருந்தேன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”