அடுத்தவர் கையில் என் அம்புக்குறி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கோ இருக்கும் கணினியை இருந்த இடத்திலிருந்தே இயக்கும் மென்பொருள் எப்படிப் பிறந்து வளர்ந்தது என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதியில் ஜொனி நுழைந்துவிட்டார். அதனால் இது கதையாகிவிட்டது.

ஜொனி, பண்டாரவளையில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவர். நான் ஜெசீகா, ஹாலிஎலப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். என் கணினி மக்கர் பண்ணினால், போனில் ஓர் எண்ணைக் கேட்டு வாங்கி, கடையில் இருந்தபடியே என் திரைக்குள் வந்து திருத்துவார்.

2 (முதல் தொடக்கம்)

ஆரம்பத்தில் தொலைபேசிக் கம்பி வழியாக வெறும் எழுத்துகள்தான் போய்வந்தன. பிறகு திரையின் படமே போனது. அப்புறம் அம்புக்குறியும் அடுத்தவர் கைக்குப்

(விட்டுவிட்டேன். உங்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கு வந்தேவிட்டது.)

3 (இரண்டாம் தொடக்கம்)

ஹல்துமுல்லையில் தயானி என்றொருத்தி. நன்றாக ஓடும் கணினியைக் கெடுத்துவைத்துவிட்டுப் பண்டாரவளைக்குப் போன் போடுவாள்.

(அட, யாரை ஏமாற்றுகிறேன்? தயானி நான்தான்.)

4

சிக்கல் இதுதான். எங்கள் பக்கம் பழக்கமில்லாத ஆணிடம் பேசும்போது 'அண்ணே' போட்டுத்தான் ஆரம்பிப்போம். அது மரியாதை. நானும் முதல்நாளே சொல்லித் தொலைத்தேன்.

"அண்ணே, சத்தமே வர மாட்டேங்குதுங்க."

"நீங்கதான் கொறச்சு வச்சிருக்கீங்க தங்கச்சி. நேத்தும் இதேதானே?"

"அப்படிங்களாண்ணே..."

அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. ரொம்பப் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பெண் பார்க்கப் போகிறார்களாம். என் திரையைத் துடைத்துக்கொண்டே அவர்தான் சொன்னார். (திரையை எப்படித் துடைப்பார்? அவர் இருப்பது பண்டாரவளையில். வேண்டாத கோப்புகளை அழித்துக்கொண்டே சொன்னார் என்று திருத்தி வாசியுங்கள்.) அதற்குள் நான் எப்படி அவருக்குத் தங்கச்சியாக இல்லாமல் போவது?

5 (முடிவுகள்)

அ. தயானி துணிந்து போன் எடுத்து

(மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.)

ஆ. ஜொனி அண்ணன் கல்யாணத்தில் ஜெசீகா ஓடியாடிப் பந்தி பரிமாறுகிறாள்.

(வேண்டவே வேண்டாம். எழுதும்போதே அழுகை வருகிறது.)

6

ஐயோ. அம்புக்குறி தானாக நகர்கிறது. நான் கையே வைக்கவில்லை. காலையில் பிரிண்டரைச் சரிபார்க்க என் திரைக்குள் வந்த மனிதர் இன்னும் வெளியே போகவில்லை! இவ்வளவையும் வாசித்துக்கொண்டா இருந்தார்?

சொல்லைத் தேடி மாற்றும் பெட்டியைத் திறக்கிறார். 'தேடு' என்ற இடத்தில் 'அண்ணே' என்று தட்டுகிறார். கதையிலுள்ள அண்ணேக்கள் எல்லாம் மஞ்சளாகின்றன. 'இதற்குப் பதிலாக' என்ற இடத்தில் எதுவும் இல்லை. போன் அடிக்கிறது.

"ஜெசீகா, இதுல என்ன போடணும்? நீங்களே சொல்லுங்க."

வாசகரே, நீங்களாவது சீக்கிரம் ஒரு சொல் சொல்லுங்கள். அவர் லைனில் இருக்கிறார்.