உப்புப் போட்ட உருண்டை

"டமால்!"

பலகார அறைக்குள் ஏதோ விழுந்தது. விழுந்தது சுழன்று சுழன்று அடங்கும்வரை மேளக்காரர் தவிலில் கை வைக்கவில்லை. அச்சரப்பாக்கம் கல்யாண மண்டபத்தில் நிச்சயதார்த்தத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

கதவு திறந்தது. மணப்பெண்ணின் அம்மா வரலட்சுமி வெளியே வந்தாள். அவள் பிடியில் ஒரு சின்னக் கை. கைக்குச் சொந்தக்காரி அனு, எட்டு வயது. பார்ப்பவர்கள் ஐந்து என்பார்கள். வாய் நிறைய எதையோ அடைத்திருந்தாள். இன்னொரு கை இறுக மூடியிருந்தது.

"அண்டாவுக்குப் பின்னாடி குந்திகினு துண்ணுகினு கீறா! சீர்த்தட்டு வெச்சிருக்கிற ரூம்பு. சாமிக்கே இன்னும் காட்டல. என்னப் பாத்ததும் எழுந்து ஓடி மூடியத் தள்ளிட்டா. பூங்கொடி, இன்னாடி இது?"

முன்வரிசையில் இருந்த தர்மராஜ் என்ற ஒன்றுவிட்ட மாமா சும்மா இருப்பாரா?

"மாப்ள வூட்டுக்காரங்க பொண்ண எடுக்க வந்தாங்கன்னு பாத்தா, மொதல்ல லட்ட எடுத்துட்டாங்களே!"

மண்டபம் சிரித்தது.

பூங்கொடி எழுந்து ஓடினாள். மகளை நெருங்கியபோது அனுவின் கவுன் பையிலிருந்து ஒரு மாத்திரைக் குப்பி தரையில் விழுந்தது. பூங்கொடி யோசிக்கவே இல்லை. காலால் அதை மறைத்துக்கொண்டாள்.

"பொண்ணுக்கு வூட்ல சோறு போடறியா, இல்லியா?" என்றாள் வரலட்சுமி. "எலும்பும் தோலுமா கீது, எங்க பாத்தாலும் தீனி!"

"நான் இன்னா சித்தி பண்றது? சரியான தீனிப்பண்டாரம். சொன்னா கேட்டாத்தானே?"

சொல்லிக்கொண்டே பூங்கொடி மகளை அறைந்தாள். பளீரென்று. வாயிலிருந்த துணுக்குகள் கவுனில் சிதறின.

அனு அழவில்லை. அம்மாவின் காலடியைப் பார்த்தாள். அங்கே என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

மேளம் மறுபடி ஆரம்பித்தது.

பூங்கொடி இரண்டு வீட்டுக்கும் வேண்டியவள். மாப்பிள்ளை ஜெகதீசன் அவள் கணவன் சரவணகுமாரின் தம்பி. பெண் பிரபா அவளுடைய சித்தி வரலட்சுமியின் மகள். பூங்கொடியின் மாமனார் கருங்குழி கோதண்டராமனுக்கு இரண்டு மகன்கள், இரண்டு தங்கைகள். மூத்தவனுக்கு மூத்த தங்கையின் மகள் பூங்கொடி. இளையவனுக்கு இளைய தங்கையின் மகள் பிரபா. சொந்தம் வெளியே போகவில்லை என்று குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே பெருமை.

அந்தப் பெருமைக்குள் பூங்கொடி மூன்று வருடமாக ஒரு நோயின் பெயரை மறைத்து வைத்திருந்தாள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.

அனுவின் நெஞ்சில் சளி பசையாக ஒட்டிக்கொள்ளும். தின்றது செரிக்கத் தேவையான சாறு குடலுக்கு வந்து சேராது. ஒவ்வொரு தடவை சாப்பிடும்போதும் மாத்திரை போட வேண்டும். போட்டாலும் மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டால்தான் உடம்பு தாங்கும். வியர்வையில் உப்பெல்லாம் இறங்கிவிடும். முத்தம் கொடுத்தால் உதட்டில் கரிக்கும்.

அதனால் வீட்டில் அடுப்பு அணைவதே இல்லை. காலையில் நெய் மிதக்கும் பொங்கல். பதினொரு மணிக்கு வெண்ணெயும் சீஸும் வைத்த தோசை. சாயந்திரம் பால்பவுடர் கலந்த வாழைப்பழ மில்க்ஷேக். நடுநடுவே உருண்டை. அந்த உருண்டை ஜெகதீசன் கண்டுபிடித்தது. மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றில் அவன் சமையல்காரன். வறுத்த வேர்க்கடலை, முந்திரி, பால்பவுடர், வெல்லம், கை வழிய நெய், கொஞ்சம் தூக்கலாக உப்பு.

"ஓட்டலுக்கு வர்றவங்க எண்ணெய கொற, நெய்ய கொறன்னு உயிர வாங்கறாங்க அண்ணி. அங்க கொறைக்கிறதெல்லாம் இவ வயித்துக்கு" என்பான்.

நோயைக் கண்டுபிடித்த அன்றே டாக்டர் பூங்கொடியை உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். "இது அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டேயிருந்தும் சேர்ந்து வர்றதும்மா. உங்க சொந்தத்துக்குள்ளேயே அடுத்த கல்யாணம் பேசினா, முதல்ல அந்த ரெண்டு பேரையும் பரிசோதனைக்கு அனுப்புங்க."

அவள் அனுப்பவில்லை. சொல்லவே இல்லை. கணவனிடமும் கொழுந்தனிடமும் அனுவின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மாமனாருக்குக்கூடத் தெரியாது. 'ரத்தமே கெட்ட ரத்தம்' என்று நாலு பேர் சொல்லிவிட்டால்? தன்னைப் பெற்றவளைச் சொன்னால்? குழந்தை ஏன் இப்படித் தின்கிறது என்று யாராவது கேட்டால், அவளே முந்திக்கொண்டு சிரிப்பாள். "அவ தீனிப்பண்டாரம்!" நோயாளி என்பதைவிட அந்த வார்த்தை சுலபமாக இருந்தது. யாருக்குச் சுலபம் என்று அவள் யோசித்ததில்லை.

பின்கட்டுக் குழாயடியில் மகளின் முகத்தைக் கழுவினாள். கன்னத்தில் நாலு விரலும் அப்படியே பதிந்திருந்தது. தண்ணீர் பட்டதும் அனு இருமினாள். இருமல் அடங்க நேரம் பிடித்தது.

"கையத் தொற."

உள்ளங்கையில் பாதி உருண்டை. பூங்கொடி அதை வாங்கி எறியப் போனாள். வாசனை தடுத்தது. சீர்த்தட்டில் இருந்தவை பூந்தி லட்டுகள். இது வேர்க்கடலை. கிள்ளி நாக்கில் வைத்தாள். நெய், பால்பவுடர், அடியில் ஒரு உப்புக் கரிப்பு. இந்தப் பக்குவம் அவள் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. இன்று அவள் செய்து கொண்டுவரவும் இல்லை. ஜெகதீசன் மேடையைவிட்டு நகரவில்லை.

"இது யார் குடுத்தா?"

அனு விரல்களில் ஒட்டியிருந்த நெய்யைக் கவுனில் துடைத்தாள்.

"தட்டுலேர்ந்து எடுத்தியா?"

அனு தலையை ஆட்டினாள். ஆமாம் என்று.

பொய். எதற்காக இந்தப் பொய்? பூங்கொடி உருண்டையை ஒரு கையில் மூடிக்கொண்டு கைப்பையிலிருந்து மில்க்ஷேக் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"சரி, இத குடி. மாத்திர தரேன்."

"பசிக்கல."

அந்த ஒரு வார்த்தை வரக்கூடாது என்றுதான் வீட்டில் நாள் முழுக்கப் போராட்டம். செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் எடை பார்ப்பார்கள். அரை கிலோவாவது ஏறாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போடுவதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று போன தடவையே சொல்லிவிட்டார்கள்.

"ரெண்டே முழுங்குடி. என் கண்ணுல்ல."

"வேணாம்மா. அங்க பாக்கறாங்க."

ஜன்னலில் இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூங்கொடி அவர்களைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். நாள் முழுக்க ஊட்டுகிற கை. 'தின்றாள்' என்று அடித்ததும் அதே கை. எங்கேயாவது போய் முகத்தை ஒளித்துக்கொள்ள முடிந்தால் தேவலை என்றிருந்தது.

தட்டு மாற்ற இன்னும் இருபது நிமிஷம்.

அனுவை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மணப்பெண் அறையை உள்ளே தாழ் போட்டிருந்தார்கள். தட்டித் திறக்க வைத்தாள். மகளை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனாள். பிரபா கண்ணாடிமுன் உட்கார்ந்திருந்தாள். மேக்கப் போடும் ஜெனிட்டாவின் வாயில் ஊசிகள்.

"கொஞ்சம் வெளிய இரும்மா" என்றாள் பூங்கொடி.

"அக்கா, கொண்ட பாதில கீது!"

"பாதிலயே இருக்கட்டும்."

ஜெனிட்டா முணுமுணுத்தபடி வெளியேறினாள். கதவு சாத்தியதும் பூங்கொடி ஒரே மூச்சில் கொட்டினாள். நோயின் பெயர், டாக்டர் சொன்னது, மூன்று வருடப் பொய், எல்லாம்.

"கீழ அவள திருடி மாதிரி நிக்க வெச்சாங்க. அவ திருடி இல்ல. நோவு. அது தெரிஞ்சும் தீனிப்பண்டாரம்னு சொல்லி நானே அறஞ்சேன். மாத்திரைய காலால மறைச்சேன். நிச்சயத்த நிறுத்தணும்னா நிறுத்திக்கோ பிரபா. என் மூஞ்சில காறித் துப்பு. ஆனா தெரியாம தட்டு மாத்தாத."

பிரபா எழுந்துவிட்டாள். பாதிக் கொண்டை தோளில் சரிந்தது.

"அடிச்சியா? அனுவையா?"

"நான் சொன்னது காதுல வுழுந்துச்சா? உன் கல்யாணம்டி..."

"அது தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"எல்லாந்தான். பேச்சு ஆரம்பிச்ச வாரமே ஜெகதீசன் மாமா சொல்ட்டாரு. அண்ணிக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன், ஆனா உங்கிட்ட மறைச்சு தாலி கட்ட மாட்டேன்னாரு. ரெண்டு பேரும் மெட்ராஸ் போயி டெஸ்ட் எடுத்துகினோம். மாமா ரத்தத்துல அது மறைஞ்சு கீது, எங்கிட்ட இல்ல. ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா புள்ளைக்கு இந்த நோவு வராதாம்."

பூங்கொடி மூடியிருந்த கையை விரித்தாள். பாதி உருண்டை நசுங்கிக் கிடந்தது.

"நான்தான் புடிச்சேன்" என்றாள் பிரபா. "மாமா அளவு சொன்னாரு. உப்பு கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு. கூட்டத்துல துண்ணா ஆளாளுக்கு எதனா சொல்வாங்களேன்னு, காலைல டப்பால போட்டுக் குடுத்து நான்தான் அந்த ரூமுக்கு அனுப்பினேன். எங்கம்மா அங்க போவும்னு யாரு கண்டா?"

"அப்போ நான்... எதுக்கு இத்தன நாளு..."

பிரபா போய்க் கதவைத் திறந்தாள். சுவரோடு ஒட்டி நின்றிருந்த அனுவை உள்ளே அழைத்து வந்து மண்டியிட்டாள். பட்டுப்புடவை கசங்குவதைப் பார்க்கவில்லை. கன்னத்தைத் தொட்டாள், அனு லேசாகப் பின்வாங்கினாள்.

"இன்னாடி இப்டி வீங்கிக் கீது? அடி வுழும்போது பிரபா சித்திதான் குடுத்துச்சுன்னு சொல்றதுதானே?"

அனு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பிரபாவின் காதருகே குனிந்தாள். ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனாலும் பூங்கொடிக்குக் கேட்டது.

"உனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அம்மாக்கு வெக்கமா இருக்குமே சித்தி. அதுக்கு அடியே பரவால்ல."